வயதான மல்லிகைத் தோட்டத்திற்குக் கவாத்து
(உழவர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நெல்லையும் சோளத்தையும் பற்றிப் பேசவேண்டியவனுக்குப் பூச்செடியில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவன். செடியை வெட்டிக் கெடுத்த அனுபவமும் எனக்கு உண்டு. அதையும் சொல்கிறேன்.

இன்று காலை இவ்வூர்த் தோட்டங்கள் சிலவற்றைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயதான குண்டுமல்லிச் செடிகள் மார்பளவு உயர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வெளியே பச்சையாகத் தெரிகிறது. விலக்கிப் பார்த்தால் உள்ளே முழுவதும் காய்ந்த குச்சி. "இந்த வருடத்தோடு தோண்டி எறியப் போகிறேன்" என்றார் ஒரு நண்பர். தோண்டுமுன் ஒருமுறை ஆழமாகக் கவாத்துச் செய்து பாருங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறேன். புதிதாக நட்ட செடி நல்ல மகசூலுக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வேர் நன்றாக உள்ள பழைய செடியோ, முறையாக வெட்டினால் வருகின்ற கோடையிலேயே பூக்கும்.

காரணம் எளிது. மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். முற்றிய கட்டையில் வைக்காது. கட்டையின் கணுக்களில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை அவை எழுவதில்லை. நுனியை நீக்கினால், வேர் சேர்த்து வைத்துள்ள உணவைக் கொண்டு அவை தடித்த தளிர்களாகக் கிளம்புகின்றன.

ஆனால் காலம் தவறக்கூடாது. நான் பட்டப்படிப்பை முடித்த வருடம், அப்பா வெளியூர் போயிருந்த சமயம், படித்ததைச் செய்து காட்டும் ஆசையில் நாற்பது செடிகளை ஒரே நாளில் முழங்கால் உயரத்திற்கு வெட்டினேன். அது சித்திரை மாதம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. நிழல் போன கட்டைகளில் வெயில் நேராக அடித்துப் பட்டை வெடித்தது. வந்த சில தளிர்களும் கருகின. பதினோரு செடிகள் பட்டுப்போயின. அந்தக் கோடையின் பூவும் போயிற்று. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடியில் அந்தக் குழிகளில் அவரே பதியன் வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

குண்டுமல்லிக்கு ஏற்ற காலம் நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை நடு. தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டவேண்டும். பிச்சி எனப்படும் ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. உயரம்.

காலையில் ஒரு அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, கார்த்திகையிலே வெட்டிட்டா, விலை ஏறுற தையிலே நான் எதைப் பறிக்கிறது?" நியாயமான கேள்வி. பனிக்காலத்தில் பூ குறைவதால்தான் விலை ஏறுகிறது. விலை பார்த்துப் பறிக்கப்போனால் கூடையின் அடிதான் தெரியும். ஆயினும் அந்தக் கைப்பிடிப் பூவில் குடும்பச் செலவை ஓட்டுபவர்களிடம் முழுவதும் வெட்டிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் இவ்வாண்டு பாதி வரிசைகளையும், மறு ஆண்டு மீதியையும் வெட்டலாம். மிகவும் கட்டை பாய்ந்த தோட்டத்திற்கு இதுவே பத்திரமான வழி.

முதலில் செடியைச் சோதியுங்கள். அடிக்கட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரியவேண்டும். ஓரமாகத் தோண்டி வேரைப் பாருங்கள். வேர் கறுத்து அழுகியிருந்தாலும், முடிச்சு முடிச்சாக நூற்புழு தாக்கியிருந்தாலும் அந்தச் செடியைத் தோண்டத்தான் வேண்டும். அதற்குக் கவாத்து வீண் வேலை.

வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நீர்ப்பாய்ச்சலை நிறுத்துங்கள். மழை விட்ட நாளாகப் பார்த்து வெட்டுங்கள். காய்ந்த, நோயுற்ற, குறுக்கே ஓடும் குச்சிகளை அடியோடு நீக்கியபின், மீதியை வெளிப்பக்கம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டவேண்டும். விரல் பருமன்வரை கவாத்துக் கத்தரி போதும். அதற்கு மேல் சிறு ரம்பம். மழுங்கிய அரிவாளால் கொத்தினால் கட்டை பிளந்து, பிளவில் தண்ணீர் தங்கி அழுகும்.

தடித்த வெட்டுவாய்களுக்குப் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தைப் பாதி லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைப் பாதி லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு கலக்கவேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஆகும், இரும்பு ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்தெடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும்.

வெட்டியதோடு வேலை முடிந்ததென்று விட்டுவிடுபவர்கள் பலர். செடியைச் சுற்றிக் கொத்தி, ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ மட்கிய தொழு உரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ் இட்டு மண்ணை மூடி நீர் பாய்ச்சுங்கள். இதே அளவு இரசாயன உரத்தை ஜூன் – ஜூலையில் மறுபடி இடவேண்டும். தளிர்கள் வந்தபின் நெருக்கமாக இருப்பவற்றில் மெலிந்ததைக் கிள்ளிவிடுங்கள். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம்.

தோண்டப்போவதாகச் சொன்ன நண்பர் தம் தோட்டத்தில் இரண்டு வரிசையை இன்று நமக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். மழையும் நான்கு நாளாக இல்லை. சாப்பாடு முடிந்ததும் அங்கே போய் வெட்டிக் காட்டுகிறேன். கத்தரி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.