ஆடலும் கல்வியே
(முதல் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“பிள்ளை பள்ளியில் விளையாடிவிட்டு வருகின்றான், படித்தது என்ன?” என்று கேட்கின்றீர்கள். அவ்வினாவிற்கு விடைகூறவே வந்துள்ளேன்.

பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். இருபுறமும் ஏழேழு குழிகள். குழிக்கு 5 புளியங்கொட்டையென இட்டால் 70. ஒவ்வொன்றாய் இட்டுச் செல்லும் விரல் எண்ணுகின்றது. எக்குழியில் முடியுமெனக் கண் முன்னரே கணிக்கின்றது. தன் முறை வருந்துணையும் உள்ளம் பொறுக்கின்றது. இவை கல்வியல்லவா?

செருமானிய அறிஞர் புரோபெல், 1837இல் இளஞ்சிறார்க்கென விளையாட்டுவழிக் கல்விநிலையம் தொடங்கினார்; 1840இல் அதற்குக் ‘குழந்தைகள் தோட்டம்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். தமிழ்நாட்டரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஆடல் பாடல்களுக்கு வகுப்பறையில் இடந்தந்தது.

யானும் ஒருகால் தவறினேன். ஐந்தகவைச் சிறுமியொருத்தி பலகையில் எண் எழுதாது வாளா இருந்தாள். கடிந்துகொண்டேன். இடைவேளையில் அவளே, வேப்பமர நிழலில் தோழியர் நால்வர்க்கும் கழற்சிக்காய்களைப் பிழையின்றிப் பங்கிட்டுக் கொண்டிருந்தாள்! எண் அவளுக்குத் தெரிந்திருந்தது; அவளைத்தான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாணினேன். மறுநாள் அக்காய்களையே வகுப்பிற்குக் கொண்டுவரச் செய்தேன். ஒரு கிழமைக்குள் பலகையில் எண்கள் தாமே வந்தன.

ஆதலின், முதலாண்டிலேயே பிள்ளைகள்மேல் எழுத்துச் சுமையை ஏற்றாதீர்கள். மாலையில், “என்ன எழுதினாய்?” என்று அதட்டாமல், “என்ன ஆடினாய்?” என்று அருகமர்த்திக் கேளுங்கள். அவன் தன் தாய்மொழியில் மளமளவென்று சொல்வான். அன்றைய பாடம் முழுதும் அவ்விடையிலேயே இருக்கக் காண்பீர்கள்.