பழஞ்சேலையும் புதுப்போர்வையும்

தமிழ்நாட்டில் ஒரு நூற்சேலையின் ஆயுள், அதை உடுத்துவதை நிறுத்தும் நாளோடு முடிவதில்லை. நைந்து மென்மையானபின் அது குழந்தைக்குத் தூளியாகிறது. தூளிப் பருவம் கழிந்ததும் மாடியில் வற்றல் உலர்த்தும் விரிப்பாகிறது. இறுதியில் அடுப்படியில் பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகி மறைகிறது. இத்தனை பயன் கண்ட நாம் ஒன்றை மட்டும் பெரிதாகக் கைக்கொள்ளவில்லை. பழஞ்சேலைகளை மடித்து அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவதே அது. அதற்குக் காரணம் நம் சோம்பல் அன்று. நம் ஊர் வெயில்.

ஆனால், பிழைப்பின் பொருட்டு வடக்கேயும் கிழக்கேயும் வந்து குடியேறிய நம்மவர்க்கு மார்கழி, தை மாதங்களில் போர்வையின் அருமை நன்கு தெரியும். கணவரின் உத்தியோகத்தை ஒட்டி ஊர் ஊராகச் சென்ற நான், சென்ற ஊர்தோறும் அவ்வூர்ப் பெண்களிடமிருந்து கற்றது இந்தப் போர்வைத் தையல். இது எனக்குத் தொழில் அன்று. ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு. மூன்று போர்வைகளை முடித்திருக்கிறேன். நான்காவது கையில் இருக்கிறது. இந்நான்கையும் பற்றிச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதற்போர்வை கல்கத்தாவில் உருவாயிற்று. வங்கத்தார் இதனைக் 'கந்தா' என்பர். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நாம் வழங்கும் பழமொழியில் உள்ள கந்தையும் இந்தக் கந்தாவும் ஒரே வடசொல்லிலிருந்து கிளைத்தவை. நாம் கசக்கிக் கட்டச் சொன்னோம். அவர்கள் அடுக்கித் தைக்கச் சொன்னார்கள். இரண்டும் சிக்கனத்தின் மொழிதான்.

கந்தாவுக்குப் புதுத்துணி ஆகாது. பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் நீங்கி, கன்னத்தில் வைத்தால் உறுத்தாத பழைய சேலையும் வேட்டியுமே வேண்டும். அவற்றை மூன்று நான்கு மடிப்பாகப் பரப்பி, சுருக்கமின்றித் தடவி, ஓரங்களை முதலில் மூட்டிவிடுவார்கள். பின்னர், ஊசி மேலும் கீழுமாக மாறி மாறி ஓடும் மிக எளிய ஓட்டுத்தையலால் துணி முழுவதையும் நிரப்புவார்கள். பழைய முறையில் இதற்கு நூலும் விலைக்கு வாங்குவதில்லை. சேலைக் கரையிலுள்ள சிவப்பு, நீல இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அவற்றையே ஊசியில் கோப்பார்கள். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலைகளிலும் நான்கு மரங்கள் அல்லது மாங்காய் வடிவங்கள் என்பது பெருவழக்கு.

அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவரே எனக்கு ஆசிரியை. 'மாசிமா' என்று தெருவே அவரை அழைக்கும். நம் வழக்கில் பெரியம்மா, சித்தி என்பது போல. என் தலைக்குழந்தைக்காக மூன்றடி நீளத்தில் அவர் துணையுடன் தைத்தேன். நைந்த துணி எப்படி இவ்வளவு உழைக்கிறது என்று அவரைக் கேட்டேன். "தனியே நின்றால் கிழியும், சேர்த்துத் தைத்தால் இழுப்பைப் பங்கிட்டுக் கொள்ளும்" என்றார். உண்மையும் அதுவே. ஒரு மடிப்பில் விழும் இழுவிசையைத் தையல் மற்ற மடிப்புகளுக்கும் பரப்புகிறது. தையலால் துணியில் எழும் சிறு சிறு மேடுகளுக்கிடையில் காற்று தங்குகிறது. அந்தக் காற்றே குளிரைத் தடுக்கிறது, பஞ்சு வேண்டுவதில்லை.

இரண்டாம் போர்வை புனாவில் தைத்தது. மராட்டியர் இதனைக் 'கோதடி' என்பர். கந்தாவில் துணி முழுமையாக நிற்கும். கோதடியில் துண்டுகளும் இடம்பெறும். சட்டை, பாவாடை, பள்ளிச் சீருடை, தலையணை உறை என்று வீட்டில் எது கிழிந்தாலும் அதில் நல்ல பகுதியை வெட்டி எடுத்து, அடியில் விரித்த சேலையின் மேல் பரப்பித் தைப்பார்கள். என் மாமனாருக்காக நான் தைத்த கோதடியில் அவருடைய அலுவலகச் சட்டைகள் ஆறு இருக்கின்றன. பதினோராண்டுகள் அதைப் போர்த்தினார். இருமுறை மேல்துணி தேய்ந்தது. இருமுறையும் அதன்மீதே வேறு துண்டுகளை வைத்துத் தைத்தேன். முடித்த போர்வை என்று இதனைச் சொன்னேன். ஆயினும் கோதடி என்றுமே முற்றாக முடிவதில்லை. பழுது பார்ப்பதும் அதன் உருவாக்கத்தில் ஒரு பகுதியே.

மூன்றாவது, நாங்கள் தார்வாரில் வாழ்ந்த நாட்களில் தைத்தது. அங்கிருந்து மேற்கே, வட கன்னட மாவட்டத்து ஹளியாள், எல்லாபுரம் காட்டுப் பகுதிகளில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கோவா முதலிய இடங்களுக்கு அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். வங்கத்து மாசிமா எனக்கு நடுவிலிருந்து தொடங்கக் கற்பித்தார். சித்திப் பெண்களோ ஓரத்தில் தொடங்குகிறார்கள். ஒரு மூலையில் ஊசியை இறக்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறுமாறு வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே உள்நோக்கி வந்து, நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி ஒரு பூவும் வைப்பார்கள். அதற்குப் 'பூலா' என்று பெயர். பூலா இல்லாத கவந்தியை ஆடையில்லாத உடலாகவே அவர்கள் கருதுவார்கள். அந்த முறையில் நான் தைத்த போர்வை இப்போது பெங்களூரில் என் மகன் வீட்டில் இருக்கிறது.

இனி நான்காவது. இதைப் பற்றிப் பேசுவதுதான் சற்றுக் கடினம்.

என் தாயார் மறைந்து ஈராண்டுகள் ஆகின்றன. அவருடைய பெட்டியிலிருந்து என் பங்காக வந்தவற்றுள் மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. அரக்கு நிறம் வெளுத்து, புள்ளிகள் மங்கி, பூப்போல் மெலிந்திருந்தது. உடுத்த இயலாது, எறியவும் மனம் வராது. அதைப் போர்வையாக்கலாம் என்றெண்ணித் திருச்சியிலிருக்கும் என் தங்கையிடம் சொன்னேன். "அம்மா சேலையில் கத்தரியை வைப்பாயா அக்கா? அப்படியே பெட்டியில் இருக்கட்டும்" என்றாள். அதன்பின் சில நாள் அவள் என்னுடன் சரியாகப் பேசவுமில்லை.

அவள் வருத்தம் நியாயமானதே. ஆனால், பெட்டியும் துணிக்கு முழுக் காவல் அன்று. ஒரே மடிப்பில் நெடுநாள் இருந்தால் மடிப்புக் கோட்டிலேயே இழை விட்டுப்போகும்; ஈரம் பட்டால் கறை விழும்; பூச்சியும் வரும். பெட்டியில் இருந்தாலும் சேலை அழியும். உடன் வாழ்ந்தாலும் அழியும். எந்த அழிவு நமக்கு வேண்டும் என்பதே கேள்வி.

அப்போது மாசிமாவின் முறை நினைவுக்கு வந்தது. ஆறு கெஜச் சேலை பதினெட்டு அடி. அதை வெட்டாமலே மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் ஏறக்குறைய நான்கடி அகலமும் உள்ள மூன்று மடிப்புப் போர்வை கிடைக்கும். முந்தானை மேல்மடிப்பில் வந்து அமரும். கத்தரிக்கு வேலையே இல்லை. என்றாவது ஒரு நாள் தையலைப் பிரித்தால் சேலை மீண்டும் சேலையே. இதைச் சொன்னபிறகே தங்கை இசைந்தாள். கிழிந்துபோன மற்றொரு சேலையின் கரையைத் தையலுக்கு இழை உருவும்பொருட்டு அவளே அஞ்சலில் அனுப்பியும் வைத்தாள்.

வேலையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கால் அங்குலத்துக்கு ஒரு வரியாக, நான்கடி அகலத்துக்கு 192 வரிகள். ஆறடி வரி ஒன்றுக்கு என் கைக்கு அரைமணி நேரம் ஆகிறது. ஆக, 96 மணி நேரம். நாள்தோறும் ஒரு மணி நேரம் தவறாமல் அமர்ந்தாலும் மூன்று மாதத்துக்கு மேலாகும். இதுவரை 70 வரிகள் ஆகியிருக்கின்றன. பூவேலை ஒன்றும் இல்லாத வெறுந்தையலுக்கே இவ்வளவு என்றால், தாமரையும் மரமும் நிறைந்த கந்தா ஒன்றுக்கு எத்தனை மாத உழைப்பு என்று நீங்களே எண்ணிக் கொள்ளலாம்.

எனக்குப் பொழுதுபோக்காக அமைந்த இத்தையல், வங்கத்திலும் பீகாரிலும் எத்தனையோ பெண்களுக்கு அடுப்பெரிக்கும் தொழில். ஆகவே, கண்காட்சியில் கைத்தையற் போர்வையைக் கண்டு விலை கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். பேரம் பேச நா எழாது.

கந்தாக்களில் சில, தைத்தவளின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. குருசதய் தத்தர் வங்க நாட்டுப்புறத்தில் தேடித் திரட்டிய தொகுப்பில் மானதாசுந்தரி என்ற பெண் தைத்த கந்தா புகழ்பெற்றது. தன் தந்தைக்காகத் தைத்த செய்தியை அவள் அதில் நூலாலேயே எழுதி வைத்திருக்கிறாள். ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் சேர்த்த கந்தாக்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா கலைக்கூடத்தில் இருக்கின்றன. தைத்தவர்களுள் பெரும்பாலோர் தம் பெயர் தம் தெருவைத் தாண்டும் என்று எண்ணியும் இரார்.

நானும் என் போர்வையின் ஓரத்தில் என் தாயாரின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் தமிழில் தைக்க எண்ணியிருக்கிறேன். பேத்தி இந்தி படிக்கிறாள், ஆங்கிலம் படிக்கிறாள். தமிழ் எழுத்து இன்னும் கைவரவில்லை. போர்த்திக் கொள்ளும் துணியிலேயே எழுத்து இருந்தால், என்றேனும் இது என்ன என்று கேட்பாள். கேட்டால் சொல்ல நமக்குச் செய்தி உண்டு.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே, உங்கள் பெட்டிகளிலும் இத்தகைய சேலை ஒன்று இருக்கும். சரிகைப் பட்டு இவ்வேலைக்குப் பொருந்தாது. அதை எடுத்துக் காற்றாட வைத்து, மடிப்பை மாற்றி வையுங்கள். மென்மையான நூற்சேலையாயின் மூன்றாக மடித்து விரியுங்கள். ஊசி, அங்குஸ்தான், நல்ல வெளிச்சம் இவை போதும். வழி தெரியாவிடில் அண்டை வீட்டு அம்மையாரைக் கேளுங்கள். நீங்கள் வாழும் ஊரின் தையலும் நீங்கள் பிறந்த ஊரின் சேலையும் ஒரே துணியில் சேரட்டும். வரும் குளிர்காலத்துக்குள் பாதியேனும் ஆகிவிடும்.