கத்தி பிடிப்பதோடு முடியாத பயிற்சி



1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த ரெசிடென்சி முறை, அதாவது மருத்துவமனையிலேயே தங்கி, பொறுப்பைப் படிப்படியாக ஏற்றுப் பல ஆண்டுகள் பயிலும் முறை, அமெரிக்க அறுவை மருத்துவத்தின் அடித்தளமாயிற்று. கைத்திறனை அது செம்மையாக வளர்த்தது. மற்றவை பழகப் பழகத் தாமே வந்துவிடும் என்று விட்டுவிட்டது. அவை தாமே வருவதில்லை.

அதனாலேயே, அந்நாட்டின் பட்ட மேற்படிப்பு மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு 1999இல் ஆறு அடிப்படைத் தகுதிகளை வரையறுத்தது. நோயாளர் பராமரிப்பு, மருத்துவ அறிவு, உரையாடும் திறன், தொழில்நெறி ஆகியவை எளிதில் விளங்குபவை. தன் சிகிச்சையின் விளைவுகளைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்வதும், மருத்துவமனை என்னும் முழு அமைப்பின் இயக்கத்தை அறிந்து பணிபுரிவதும் எஞ்சிய இரண்டு. பெரிதும் புறக்கணிக்கப்படுபவையும் இவையே.

இவ்விரண்டையும் கற்பிக்க ஏற்ற களம், சிகிச்சைச் சிக்கல்களையும் இறப்புகளையும் அலசும் துறைக் கூட்டமாகும். குடலை வெட்டி இணைத்த இடத்தில் ஐந்தாம் நாள் கசிவு ஏற்பட்டதாகக் கொண்டால், தையல் யாருடையது என்று மட்டும் கேட்கும் கூட்டத்தில் பயிற்சி மருத்துவர் தவறை மறைக்கவே கற்றுக்கொள்கிறார். மாறாக, முந்திய இரவே நாடித்துடிப்பு ஏறியிருந்தும் மூத்தவரை எழுப்பத் தயங்கியது ஏன், பணி மாறும்போது அச்செய்தி விடுபட்டது எப்படி என்று கேட்கப்படுமானால், அடுத்த நோயாளி காப்பாற்றப்படுவார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இத்தகையதே. கீறலுக்கு முன் அனைவரும் ஒரு கணம் நின்று, தம் பெயரையும் பணியையும் சொல்லி, நோயாளி யார், அறுவை எது, இடம் எது என உறுதிசெய்கின்றனர். அங்கே இளைய செவிலியருக்கும் வாய் திறக்கும் உரிமை கிடைக்கிறது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், இதன்பின் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

2003இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவரின் பணிநேரம் வாரத்துக்குச் சராசரி 80 மணி என வரம்புக்குள் வந்தபின், இத்திறன்களைத் தற்செயலுக்கு விட்டுவைக்க இடமில்லை. அறுவை முடிந்த அன்றே, நோயாளியின் உறவினரிடம் பேசிய முறை உட்படப் பயிற்சி மருத்துவரின் குறைநிறைகளை நேருக்கு நேர் எடுத்துரைக்கும் கடமை மூத்த மருத்துவரைச் சார்ந்தது. அதற்குரிய நேரத்தை அவரது பணி அட்டவணையிலேயே ஒதுக்கித் தருவது மருத்துவமனையின் கடமை.