சம்பளக் கணக்கில் இரண்டு அளவுகோல்கள்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின், ஜவுளிக் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அது அவருடைய சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுப்புப் பிடித்தம் என்று கம்ப்யூட்டரில் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. அவர் கேட்டார்: "ஹஜ்ரத், எனக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய். ஒருநாள் வராவிட்டால் 577 ரூபாய் பிடிக்கிறார்கள். வார விடுமுறையில் அழைத்து வேலை வாங்கினால் 500 ரூபாய் தருகிறார்கள். என்னுடைய ஒருநாள் கூலி எது?"

மறுநாள் அக்கடையின் முதலாளியைச் சந்தித்தேன். தொழுகையாளி; ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். அவர் சொன்ன பதில் இதுதான்: "ஹஜ்ரத், நான் ஒரு பைசாவும் தொடுவதில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு."

அன்புச் சகோதரர்களே! கம்ப்யூட்டர் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. டேலியாகட்டும், வேறு எந்தச் சம்பள மென்பொருளாகட்டும், ஒவ்வொரு ஊழியரின் பெயரிலும் சம்பளத் தலைப்புகளை நாம்தான் பதிகிறோம். விடுப்பு நாளுக்குப் பிடித்தம் செய்ய மாதச் சம்பளத்தை 30 ஆல் வகுப்பதா, 26 ஆல் வகுப்பதா என்பதையும் நாம்தான் அமைக்கிறோம். 15,000 ரூபாயை 30 ஆல் வகுத்தால் 500. வார விடுமுறைகளை நீக்கி 26 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 577. அக்கடையில் பிடிக்கும்போது 26, கொடுக்கும்போது 30 என்று அமைத்திருந்தார்கள். மென்பொருளைப் பொருத்திக் கொடுத்தவர் அப்படிச் செய்தார், முதலாளி பார்க்கவில்லை. (மேல்வேலைக்கு இரு மடங்குக் கூலி என்று சட்டம் கூறுவது வேறு விஷயம். அதற்கு இன்று நேரமில்லை.)

தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைக் குறித்து அல்லாஹ் ஓர் அத்தியாயத்தையே இறக்கியிருக்கின்றான். அது ஸூரத்துல் முதஃப்பிஃபீன், 83ஆம் அத்தியாயம். நாம் அதை ஓதும்போது மளிகைக் கடைத் தராசை மட்டுமே நினைக்கிறோம். 26, 30 என்ற இவ்விரு எண்களும் தராசுதான். ஷரீஅத் 26 தான் என்றோ, 30 தான் என்றோ விதிக்கவில்லை. இஜாரா எனும் கூலி ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் இன்னதென்று இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றே ஃபுகஹாக்கள் நிபந்தனையிட்டார்கள். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஊழியம் செய்ய ஒப்புக்கொண்டபோது எட்டு ஆண்டுகள் என்று காலம் பேசப்பட்டதையும், அதற்கு மேல் இரண்டாண்டு அவர்களுடைய விருப்பம் என்று விடப்பட்டதையும் ஸூரத்துல் கஸஸில் காண்கிறோம். எனவே வேலைக்குச் சேரும் நாளிலேயே எந்த எண்ணால் வகுப்போம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு பிடிப்பதற்கும் கொடுப்பதற்கும் அந்த ஒரே எண்தான்.

மற்றொன்றும் உண்டு. நேரத்தை நமக்காக ஒப்படைத்து வந்து நிற்கும் ஊழியரை 'அஜீர் காஸ்' என்பர். அவர் வந்து ஆயத்தமாக இருந்தாலே கூலிக்கு உரியவராகிறார். மின்சாரம் இல்லை, வியாபாரம் இல்லை என்று கூறி அரைநாள் விடுப்பாகப் பதிவது கூடாது.

இனி, பிடித்தம் செய்யும் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதுதான் எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருகிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பி.எஃப்.புக்காகவும், ஊதியத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்காகவும் ஊழியரிடம் பிடிக்கிறோம். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி செலுத்த வேண்டிய பங்கு 3.25 சதவீதம். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். மென்பொருள் சீட்டில் 'பிடித்தம்' என்று அச்சிட்டுவிடும். ஆனால் பணம் போய்ச் சேர்ந்ததா என்பது முதலாளி கட்டிய சலானில்தான் தெரியும். பிடித்த பணம் நம் கணக்கிலேயே தங்கிச் சரக்கு வாங்கப் பயன்பட்டால், அது அமானிதத்தில் கை வைத்ததாகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போன பிறகுதான், தன் பெயரில் பணம் கட்டப்படவில்லை என்பது அந்த ஊழியருக்குத் தெரியவருகிறது. முதலாளியின் பங்கையும் ஊழியரின் சம்பளத்திலேயே கழிப்பவர்களும் உண்டு. அதைச் சட்டமே தடுத்திருக்கிறது.

தேதியும் அப்படித்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்ற கருத்தில் வரும் நபிமொழியைக் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் வரை எல்லாரும் அறிவர். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். (நானும் மாதச் சம்பளம் பெறுகிறவன்தான். நிர்வாகிகள் முகம் சுளிக்க வேண்டாம். நம் மோதினாருக்கு 12ஆம் தேதி வரை சம்பளம் கைக்கு வராத மாதங்களும் உண்டு.)

ஜவுளிக் கடை விஷயத்திற்கு வருகிறேன். அந்த முதலாளி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கணக்குப் பிள்ளையுடன் வந்தார். "எந்த எண்ணை வைத்துத் திருத்துவது?" என்று கேட்டார். ஒன்றும் பேசி முடிவு செய்யாதிருந்ததால், தொழிலாளிக்கு எது சாதகமோ அதைக் கொள்ளுங்கள் என்றேன். அந்த இளைஞர் இரண்டாண்டுகளில் எடுத்த விடுப்பு 40 நாள். நாளுக்கு 77 ரூபாய் வீதம் 3,080 ரூபாய் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கும் அப்படியே. பழைய மாதங்களின் பதிவுகள் மென்பொருளில் அப்படியே இருந்ததால் கணக்கெடுப்பது எளிதாயிற்று. கைநோட்டாக இருந்திருந்தால் இவ்வளவும் கிடைத்திராது.

வேலையை விட்டுப் போனவர்கள் இருவர். ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர் வடநாட்டுத் தம்பி, மாற்று மதத்தவர். அவருடைய போன் எண் இப்போது இயங்கவில்லை. "அவர் பங்கைப் பள்ளிக்குக் கொடுத்துவிடவா?" என்று முதலாளி கேட்டார். முதலில் தேடுங்கள் என்றேன். கூலியை வாங்காமல் போன தொழிலாளியின் பங்கைப் பெருக்கி வைத்திருந்து, அவர் திரும்பி வந்தபோது மந்தையாகவே ஒப்படைத்த மனிதரைப் பற்றிக் குகைவாசிகள் மூவரின் ஹதீஸில் கேட்டிருக்கிறோம். அத்தொகை இன்று அந்தத் தம்பியின் பெயரில் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் மூலம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஆடிட்டர் ஒருவர் வரும் ஞாயிறன்று அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா அறையில் அமர்ந்திருப்பார். கடை வைத்திருப்போர் கடந்த மாதச் சம்பளப் பட்டியலையும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய சலான்களையும் எடுத்து வாருங்கள். சம்பளச் சீட்டுப் புரியாத ஊழியர்களும் தாராளமாக வரலாம்.