ஊருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது



குடும்ப ரகசியங்களை வெளியே சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எல்லா ரகசியத்தையும் பற்றி நான் பேசப்போவதில்லை. உங்கள் பாட்டி இளம் வயதில் யாரை விரும்பினாள் என்பது பாட்டியின் சொந்த விஷயம். அதைத் தோண்ட எவருக்கும் உரிமை கிடையாது. நான் பேச வந்தது ஒரே ஒரு ரகசியத்தைப் பற்றி. எடுத்து வளர்த்த பிள்ளையிடம், நீ நாங்கள் எடுத்து வளர்த்த பிள்ளை என்று சொல்லாமல் மறைக்கிறோமே, அந்த ரகசியம். அதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்ன வயதிலேயே சொல்ல வேண்டும். வளர்த்தவர்கள் வாயால் சொல்ல வேண்டும். இதில் நான் இரண்டு பக்கமும் பேசுவதற்காக வரவில்லை.

இந்த ரகசியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். இல்லாத மசக்கையை இருப்பதாகச் சொல்வார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பதாகத் தெருவில் பேச்சு விடுவார்கள். கணவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போவார், திரும்பும்போது கையில் குழந்தை இருக்கும். ஜாதகம் எழுத ஒரு பிறந்த நேரத்தைக் கற்பனையாகக் குறித்துக் கொடுப்பார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருப்பார்கள். அப்பத்தாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் தெரியும். அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரியாதது அந்தப் பிள்ளை ஒன்றுக்குத்தான். ஒரு குழந்தையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஊரே சேர்ந்து பேசிவைத்திருக்கும் பொய்யை ரகசியம் என்று கௌரவமாகச் சொல்கிறோம்.

மறைக்கிறவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை இல்லாத பெண்ணை வளைகாப்பில் பின்னுக்குத் தள்ளியவர்கள் யார்? கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தவர்கள் யார்? நாம்தான். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். அந்த அவமானத்துக்குப் பயந்து அவள் பொய் சொன்னாள். அவள் பயத்தில் நமக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கான கூலியைப் பிள்ளை ஏன் கொடுக்க வேண்டும்?

நான் சிவில் வழக்கு நடத்துகிற வக்கீல். இந்த ரகசியம் எங்கே உடைகிறது என்று என்னைக் கேளுங்கள். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உடைகிறது. கொள்ளி வைத்த மகன் வாரிசுச் சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீஸுக்குப் போகிறான். பங்காளிகள் ஆட்சேபம் கொடுக்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் எதிருரை வருகிறது. அதில் ஒரு பத்தியில், வாதி இறந்தவருக்குப் பிறந்த மகனே அல்ல என்று தட்டச்சு செய்திருக்கும். நாற்பது வயது மனிதன் தன் பிறப்பைப் பற்றிய உண்மையை எதிர்க்கட்சி வக்கீலின் தாளில் படிக்கிறான். இதைவிடக் கொடிய முறையில் ஒருவனுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல முடியுமா?

இதற்கு மேல்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 1956ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, முறையாகத் தத்தெடுத்த பிள்ளை அந்தத் தேதியிலிருந்து எல்லா வகையிலும் வளர்த்தவர்களின் பிள்ளை. சொத்தில் பங்கு உண்டு, ஒரு இம்மி குறையாது. ஆனால் தத்து நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். பெற்றவர்கள் கொடுத்தார்கள், இவர்கள் வாங்கினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். பதிவு செய்த தத்துப் பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். ரகசியம் காத்த வீட்டில் பத்திரம் எங்கே இருக்கும்? போட்டோ எங்கே இருக்கும்? சாட்சி சொல்ல வேண்டிய கிழவர் போய்ச் சேர்ந்திருப்பார். பிறப்புச் சான்றிதழிலேயே வளர்த்தவர்கள் பெற்றதாகப் பொய்யாக எழுதி வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பிள்ளை பிறந்த பிள்ளையும் இல்லை, சட்டப்படி தத்து வந்த பிள்ளையும் இல்லை. பிள்ளையின் நன்மைக்காக மறைத்தோம் என்கிறார்களே, அந்த மறைப்பே அவனைத் தெருவில் நிறுத்துகிறது. சட்ட நடைமுறையை ஒதுக்கிவிட்டு அநாதைக் குழந்தையையோ கைவிடப்பட்ட குழந்தையையோ வாங்கிக்கொண்டால், 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே 1956 சட்டத்தில் இன்னொரு வரியைப் பலரும் கவனிப்பதில்லை. தத்துப்போன பிள்ளை, பிறந்த வீட்டிலேயே இருந்திருந்தால் யாரை மணக்கக் கூடாதோ, அவரைத் தத்துப்போன பிறகும் மணக்கக் கூடாது. சட்டம் எழுதியவர்கள் அந்தப் பிள்ளைக்குத் தன் பிறந்த வீடு எது என்று தெரிந்திருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் நிலவரத்தைப் பாருங்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தங்கை தன் இரண்டாவது பெண்குழந்தையைத் தூக்கி அண்ணனிடம் கொடுக்கிறாள். உலகத்துக்கு அது அண்ணன் மகள். அப்படியானால் தங்கையின் மூத்த மகன் அவளுக்கு யார்? அத்தை மகன். முறை மாப்பிள்ளை! சித்திரைத் திருவிழாவுக்கு வந்த உறவெல்லாம், உன் மாமன் பெண்ணடா, உனக்கென்று பிறந்தவளடா என்று அந்த இரண்டு குழந்தைகளையும் கேலி பேசுகிறது. அவர்கள் அதைக் கேட்டே வளர்கிறார்கள். இருபது வயதில் மனதில் ஆசையும் வளர்த்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. வேண்டாம் என்கிறார்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் வாய் திறக்க முடியவில்லை. காரணம் சொல்லாத மறுப்பில் அண்ணன் தங்கை உறவு முறிகிறது, பிள்ளைகள் எதிரிகளாகிறார்கள். உடன்பிறந்தவர்களை உடன்பிறந்தவர்கள் என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் இவ்வளவு கண்ணீர் வந்திருக்குமா?

மருத்துவமனைக்கு வாருங்கள். நெஞ்சு வலி என்று போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உங்கள் வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா என்பது. பெண்ணாக இருந்தால், அம்மாவுக்கோ அம்மாவுடன் பிறந்தவர்களுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததா என்று கேட்பார். அந்தப் பெண் தெரிந்ததைச் சொல்கிறாள். அவள் சொல்வதெல்லாம் அவளுக்குச் சம்பந்தமில்லாத உடம்பின் கதை. அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, நான் கொடுக்கிறேன் என்று மகன் முன்னால் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் பட்டியலில் மகனும் இருக்கிறான். திசுப் பொருத்தம் பார்க்கிறார்கள். பிறந்த பிள்ளையானால் தகப்பனோடு பாதி பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. ஒரு பரிசோதனைத் தாள் பேசிவிடுகிறது. பெற்றோர் முப்பது வருடம் பூட்டிவைத்த செய்தியை, முன்பின் தெரியாத ஒரு ஊழியர், தயங்கித் தயங்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பேரன் உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் சில வாரத்தில் உறவுக்காரர் பட்டியல் வந்துவிடுகிற காலம் இது. மறைப்பது சரியா தவறா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். இனி மறைக்கவே முடியாது.

நம் ஊர்களில் விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். குந்திதான் தன்னைப் பெற்றவள் என்ற உண்மை கர்ணனுக்கு எப்போது சொல்லப்பட்டது? போர் முரசு கொட்டப் போகும் நேரத்தில். கண்ணன் வந்து சொன்னான், அவனைப் பாண்டவர் பக்கம் இழுப்பதற்காக. பிறகு குந்தி வந்து சொன்னாள், தன் மற்றப் பிள்ளைகளின் உயிருக்காக. இருவருக்குமே அவனிடம் காரியம் இருந்தது. உனக்குத் தெரிய வேண்டியது இது, அதனால் சொல்கிறேன் என்று ஒருவரும் அவனிடம் போகவில்லை. தம்பிகளுக்கோ அவன் செத்த பிறகு, நீர்க்கடன் கொடுக்கும்போதுதான் தெரிந்தது. தருமன் கலங்கிப்போய், இனிப் பெண்கள் மனதில் ரகசியம் தங்காது என்று சபித்தான். பாருங்கள், அங்கேயும் பழி பெண்ணின் தலையில்தான். கன்னிப்பெண் பெற்ற பிள்ளையை ஏற்காத ஊரை எவரும் சபிக்கவில்லை. கர்ணனுக்காக அழுத கண்ணோடு வீட்டுக்குப் போகும் நாம், காரியம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னும் காத்திருக்கிறோம்.

சொன்னால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும் என்பார்கள். 2002இல் வந்த கன்னத்தில் முத்தமிட்டால் படத்தைக் காட்டி, அந்தச் சிறுமி தாயைத் தேடி ஓடினாளே என்று என்னிடமே வாதாடியிருக்கிறார்கள். அவளுக்கு எப்போது சொன்னார்கள்? ஒன்பதாவது பிறந்தநாளில், ஒரே மூச்சில். ஒன்பது வருடம் ஒன்றை நம்பவைத்துவிட்டு ஒரே நாளில் பிடுங்கினால் எந்தக் குழந்தை தாங்கும்? தகுந்த வயது வரட்டும் என்று காத்திருப்பதுதான் தவறு. மூன்று வயதில், மடியில் வைத்துக் கதை சொல்லும்போதே, நீ எங்களிடம் வந்து சேர்ந்த கதை என்று சொல்ல ஆரம்பியுங்கள். அப்படிக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது அதிர்ச்சிச் செய்தியாக இருக்காது. என்றைக்கு முதன்முதலில் கேட்டோம் என்பதே அதன் நினைவில் இருக்காது.

பெற்றவளின் மானம் என்னாவது என்று சில தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீ தத்துப்பிள்ளை என்பது பிள்ளையின் செய்தி. பெற்றவளின் பெயரும் விலாசமும் அவளுடைய செய்தி. இரண்டையும் குழப்பக் கூடாது. 2022ஆம் வருடத் தத்தெடுப்பு விதிமுறைகள் இதைச் சரியாகவே பிரித்திருக்கின்றன. பதினெட்டு வயதான பிள்ளை தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம். வயது குறைந்தவர்கள் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். ஒப்படைத்தபோதே தன்னை வெளியே சொல்ல வேண்டாம் என்று தாய் கேட்டிருந்தால், அவள் சம்மதம் வாங்கித்தான் சொல்ல வேண்டும். அவள் மறுத்தால், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தாள் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். இது போதும். அவளைக் காட்டிக்கொடுக்காமலே பிள்ளைக்கு உண்மை சொல்ல முடியும்.

1992ஆம் வருடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம்தான், வளர்க்க முடியாத பெண்குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் வந்தது. அதே வருட டிசம்பரில்தான், கூடுமானவரை தன் பெற்றோர் யார் என்று அறிவது குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த பெண்குழந்தைகள் இன்று முப்பதைத் தாண்டிய தாய்மார்கள். பலருக்குத் தாயின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அந்தத் தொட்டிலும் அது இருந்த ஊரும் மட்டும்தான் அவர்களுக்கு மிச்சம். அதையாவது அவர்களிடம் சொல்லுங்கள்.

வயது கடந்துவிட்டது, இப்போது எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். மருமகனிடமோ மருமகளிடமோ முதலில் சொல்லாதீர்கள். பிள்ளையிடம் சொல்லுங்கள். கல்யாண நாளிலும் மரணப்படுக்கையிலும் சொல்லாதீர்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து, வீட்டில் வேறு யாரும் இல்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கும். பயந்துவிட்டோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கோபப்படும், சில நாள் பேசாமல் இருக்கும். இருக்கட்டும். கையில் என்ன காகிதம் இருக்கிறதோ அத்தனையையும் எடுத்துக் கொடுங்கள். தேடிப் போக வேண்டும் என்றால் கூடப் போங்கள். சித்தப்பாக்களே, அத்தைகளே, உங்களுக்குத் தெரியும் என்பதற்காக நீங்கள் வாய் திறக்காதீர்கள். வளர்த்தவர்களிடம் போய், சீக்கிரம் சொல்லுங்கள் என்று நச்சரியுங்கள்.

உங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், வேர் தேடுவதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்கலாம். தத்து கொடுத்த நிறுவனமே மூடப்பட்டிருந்தாலும் அங்கே போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம். உறவுக்குள் தத்தெடுத்து இன்னும் பத்திரம் பதியாதவர்கள், கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். கூட்டம் முடிந்த பிறகும் நான் இங்கேதான் இருப்பேன். கேட்க வேண்டியதைத் தனியாக வந்து கேளுங்கள்.