தாளில் அமையும் யாப்பு



பாப்புனையக் கற்பவன் முதலில் அசை அறிகிறான். அசைகள் சீராவதையும் சீரும் சீரும் தளைப்படுவதையும் பின்னர் அறிகிறான். கட்டுதல் என்னும் பொருளுடைய யாப்பு என்ற சொல்லாலேயே தமிழர் அக்கலையைக் குறித்தனர். ஓவியம் கற்க விழையும் மாணவனுக்கோ இத்தகைய தொடக்கம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. கரும்பலகையில் உள்ள மாம்பழத்தைப் பார்த்து வரையுமாறு பணிக்கப்படுகிறான். கை வளைந்தவன் மதிப்பெண் பெறுகிறான். வளையாதவன் "உனக்கு ஓவியம் வராது" என்ற தீர்ப்பைப் பெற்று, அதனை வாழ்நாள் முழுதும் நம்பிக்கொண்டு போகிறான். அவனுக்கு வராதது கோடுதான். அமைப்பு வருமா வராதா என்பதை எவரும் சோதித்துப் பார்த்ததே இல்லை. அதனைச் சோதிக்க ஒரு கத்தரிக்கோலும் சில வண்ணத்தாள்களும் போதும்.

ஒரு வெள்ளைத்தாள், அதன்மேல் வைக்க ஒரே அளவான நான்கு கறுப்புச் சதுரங்கள். பசை இப்போது வேண்டா. நான்கையும் நடுவில் ஒழுங்காக அடுக்கினால் அசைவற்ற அமைதி தோன்றும். மூன்றை ஒரு மூலையில் நெருக்கி நான்காவதை எதிர்மூலைக்குத் தள்ளினால் தனிமை தோன்றும். அந்த நான்காவதைச் சற்றே சாய்த்துவிட்டால், எக்கணமும் விழுமோ என்னும் பதற்றம் பிறக்கும். தாளின் விளிம்பில் பாதி மறையுமாறு வைத்தால் அது வெளியேறுகிறதா, உள்ளே நுழைகிறதா என்று கண் ஐயுறும். சதுரம் மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை, இடம் ஒன்றே மாறிற்று. இதனைப் பென்சிலால் கற்க முயன்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அழித்து வரைய வேண்டும். வருந்தி வரைந்ததன்மேல் பற்றுக் கொண்ட மாணவன் அதனை மாற்ற ஒருப்படான். தாள்துண்டோ விரல் தொட்ட அளவில் நகரும். பற்றுப் பிறப்பதற்குள் பத்து அமைப்புகளைக் கண்டுவிடலாம்.

அடுத்த பாடம் நிறை. பெரிய சாம்பல்நிற வட்டம் ஒன்றைத் தொலைவில் உள்ள சிறு சிவப்புத் துண்டு ஈடுசெய்து நிறுத்தும். ஓரிரு முறை செய்து பார்த்தாலே இது விளங்கிவிடும்.

கடினமானது மூன்றாவது பாடம்; அது வெற்றிடம். ஒட்டப்பட்ட துண்டு மட்டுமே வடிவம் என்று மாணவன் எண்ணுகிறான். துண்டுகளுக்கு இடையே எஞ்சிய வெள்ளையும் வடிவமே என்பதனை அவன் கண் எளிதில் ஏற்பதில்லை. இதற்குச் சான்று தேட மதுராந்தகத்தார் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாமல்லபுரத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்தில் பல்லவர் செதுக்கிய புடைப்புச் சிற்பப் பாறை உள்ளது. தவம் செய்பவன் அருச்சுனனா பகீரதனா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அமைப்பைக் கற்பவனுக்கு அவ்வழக்கு வேண்டா. அவன் காண வேண்டியது பாறையின் நடுவே உள்ள பிளவை. வலப்புறம் கீழே பேருருவான யானைகள். இடப்புறம் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியும், கீழே சிறு கோயிலும். இருபுறத்து உருவங்களுள் மிகப் பல அப்பிளவை நோக்கியே திரண்டு வருகின்றன. அதில் நாகர்களைச் செதுக்கி, கல்லில் இருந்த குறையையே சிற்பிகள் நடுப்பொருளாக்கினர். இரண்டு பழுப்புத் தாள்களை ஒரு விரல் இடைவெளியில் வைத்து, அவ்விடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கும் மாணவன், சிற்பிகளுக்கு அப்பாறை தந்த வாய்ப்பை ஒருவாறு உணர்வான்.

மதுராந்தகம் ஏரிக்கரையும் இதற்கு நல்ல பள்ளியே. நீர் நிரம்பிய நாளில் அங்கு நிற்பவன் காண்பன வான், நீர், கரை என்னும் மூன்று பட்டைகள். மூன்றையும் சம அகலத்தில் வெட்டி ஒட்டினால் காட்சி தூங்கிவிடும். நீர்ப்பட்டையை அகலமாக்கிக் கரையை மெல்லிய கீற்றாக்கினால், கரை தாங்கும் பாரம் கண்ணுக்குத் தெரியும். ஏரி காத்த இராமர் என்று இவ்வூரார் இறைவனுக்குப் பெயரிட்டது ஏன் என்பதும் அக்கீற்றில் விளங்கும். வேடந்தாங்கல் பறவையாக ஒரு வெள்ளைத் துணுக்கை எங்கு வைப்பது என்பதைக் கற்பவனே முடிவு செய்யட்டும்.

தமிழ்நாட்டு ஓவியத்தின் பெருமை கோட்டில் அன்றோ உள்ளது என்று சிலர் வினவக்கூடும். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலத்து ஓவியர் பலர் கோட்டில் வல்லவர்களே. ஆயினும் ஒரு கோடு விழுந்தவுடன் தாள் இரண்டாகிறது. அவ்விரு பகுதிகளையும் ஆளத் தெரியாதவன் கோட்டையும் ஆளான்.

செருமனியில் 1919-இல் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி, கலை பயில வந்தோர்க்கு முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சியை வகுத்தது. அங்கு அப்பயிற்சியை அளித்தவருள் ஒருவரான யோசஃப் ஆல்பர்ஸ், பின்னர் அமெரிக்காவில் நிறங்களின் உறவைக் கற்பித்தபோது, குழைத்த வண்ணத்தினும் வண்ணத்தாளையே விரும்பினார். ஒரே நிறத்தை மாற்றமின்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தாளே உதவும்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், 1941-இல் நிகழ்ந்த அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்ந்தவர். உதவியாளர் வண்ணம் பூசித் தந்த தாள்களை அவர் வெட்டினார். அத்துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்தி, நாள்தோறும் இடம் மாற்றச் சொன்னார். ஒட்டும் பேச்சு இறுதியில்தான் எழும். பசையை ஒத்திவைக்கும் பொறுமை தேர்ந்த கலைஞருக்கும் வேண்டியிருந்தது.

இவர்கள் அனைவரினும் நெருங்கிய சான்று சாந்திநிகேதனத்துப் பினோத் பிஹாரி முகர்ஜி. 1904-இல் பிறந்த அவருக்கு இளமை முதலே பார்வை குறைவு. கண் அறுவைக்குப் பின் எஞ்சிய பார்வையும் முற்றும் அகன்றது. அதன் பின்னரும் அவர் கற்பித்தார். தாளை வெட்டி உருவங்கள் அமைத்தார். வரைந்த கோட்டை விரலால் அறிதல் அரிது. வெட்டிய தாளின் விளிம்பையோ விரல் நன்கு அறியும். 1972-இல் கலாபவனத்தின் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெருஞ்சித்திரத்தை அவர் நிறைவேற்றினார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் அவ்வாண்டில் எடுத்த 'தி இன்னர் ஐ' என்னும் ஆவணப்படத்தில் அவர் பணிபுரிவதைக் காணலாம்.