ஓடமாட்டேன் என்றவளின் ஓட்டம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ட்ரெயில் ரன்னிங்' பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் என் வகுப்புத்தோழி ஒருத்தி, "என்னகா, இந்த வயசில ட்ரெயினுக்குப் பின்னால ஓடுறியா?" என்று கேட்டாள். மட்டக்களப்பு ரயிலைப் பிடிக்க ஓடத் தேவையில்லை, அது எங்களுக்காக நின்று நிதானித்துத்தான் வெளிக்கிடும். நான் சொல்வது மண்பாதை ஓட்டம். தார் வீதியும் மைதானமும் இல்லாமல் வயல் வரம்பு, கிறவல் வீதி, குளக்கட்டு, கடற்கரை மணல், மலைப்பாதை இவற்றில் ஓடுவது. ஏற்றம் வந்தால் நடக்கலாம், சேறு வந்தால் நிற்கலாம், அழகான இடம் வந்தால் உட்காரவும் செய்யலாம்.

இதைப் பற்றிப் பேச நான் தெரிவானதை என்னோடு படித்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் நான் புள்ளிப் பலகைக்குப் பொறுப்பாக நின்றவள். வெயிலில் மற்றவர்கள் ஓட, நிழலில் நின்று கூட்டிக் கழித்துப் புள்ளி எழுதுவேன். ஓட்டம் என்பது கெட்டிக்காரிகளின் வேலை என்று நினைத்திருந்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது வரும் பிள்ளைகளுக்காகவே அது உண்டாக்கப்பட்டது போலவும், மீதிப் பேர் கைதட்டப் பிறந்தவர்கள் போலவும் இருந்த காலம் அது.

எங்கள் தலைமுறைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் ஊரில் 'ஓடுறது' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். "அவங்க தொண்ணூறில ஓடினவங்க", "நாங்க வாகரையில இருந்து ஓடி வந்த" என்று சொல்வோம். ஓட்டம் என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது. சோதனைச் சாவடிக்குக் கிட்ட அவசரமாக நடந்தாலே அம்மாமார் கையைப் பிடித்து இழுப்பார்கள். ஓடாதே, பார்க்காதே, பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஒரு பெண் காரணமில்லாமல் தெருவில் ஓடினால் அடுத்த கணம் நாலு வீட்டுக் கதவு திறக்கும். அப்படி வளர்ந்த கால்களுக்கு, சந்தோஷத்துக்காக ஓடலாம் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஆரம்பம் பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. இரத்தத்தில் சீனி கூடியது. வைத்தியர் நடக்கச் சொன்னார். கல்லடிப் பழைய பாலத்தில் அந்தியில் நடக்கத் தொடங்கினேன். 1924ஆம் ஆண்டு கட்டிய அந்த லேடி மனிங் பாலம் நமது சங்கத்தின் வயதை ஒத்தது. காற்று நல்லது, வாவி அழகு, ஆனால் சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். நடந்த தூரத்தைவிடக் கதைத்த நேரம் கூட.

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகள்தான் ஒரு நாள் விடியற்காலையில் எழுப்பினாள். "மாமி, படுவான்கரைக்குப் போவம் வாங்க. ஆரும் பாக்கமாட்டாங்க. ஓடவும் தேவையில்ல, கொஞ்சம் வேகமா நடந்தாக் காணும்" என்றாள். அரைமனதோடு போனேன்.

வெளியூரில் வாழும் இளையவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாக நிலத்துக்குள் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எங்கள் காலத்தில் மண்முனைத்துறையில் 'பாதை' வரும்வரை காத்து நின்றுதான் அக்கரை போவோம். 2014இல் பாலம் வந்தது. அதைக் கடந்தால் மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்.

அந்த வயல் வரம்பில்தான் என் முதல் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூச்சு வாங்கியது, ஆனால் வீதியில் ஓடியபோது வந்த வெட்கம் வரவில்லை. காரணம் மெல்லத்தான் விளங்கியது. மைதானத்தில் ஓடினால் கண் கடிகாரத்திலும் பக்கத்து ஆளிலும் இருக்கும். வரம்பிலோ கண் அடுத்த அடியில் இருக்க வேண்டும். இங்கே ஒரு கல், அங்கே ஒரு நண்டு வளை, அடுத்தது வாய்க்கால். ஒவ்வொரு அடியும் வேறு. கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் விடாமல் சமநிலை பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வேலையில் மனதுக்குக் கவலைப்பட நேரமில்லை. யார் முந்தினார் என்ற கேள்வியும் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது நிலம். ஏற்றத்தில் நடப்பது தோல்வி அல்ல. உலகத்தின் பெரிய மண்பாதை வீரர்களும் செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

மருமகள் திரும்பிப் போய்விட்டாள். நான் நிற்பாட்டவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் மூவர். ஒருத்தி சுடிதார், ஒருத்தி பர்தா, நான் தொளதொளத்த நீளச் சட்டை. வயலுக்குப் போகிறவர்கள் முதலில், "என்னகா, ஆரும் துரத்திறாங்களா?" என்று கேட்டார்கள். பிறகு, "இண்டைக்குப் பிந்திட்டீங்க" என்றார்கள். இப்போது, "அந்தப் பக்கம் ராவு யானை வந்த, போகாதீங்க" என்று எச்சரிக்கிறார்கள். ஊர் எங்களை ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா?

மாரி முடிந்து தண்ணீர் வடியும் தை, மாசியில் அந்த வழிகளைப் பார்க்க வேண்டும். கொக்குக் கூட்டம், தாமரைக் குளம், பனி மூடிய வயல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே வழி புழுதியும் அனலும். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்தந்த மாதத்துக்கு ஊர் எப்படி மணக்கும் என்பதை நான் இந்த வயதில்தான் அறிந்தேன்.

அந்த வழிகளில் பயமில்லாமல் கால் வைக்கிறோம் என்பதும் சிறிய காரியமல்ல. கண்ணிவெடி அகற்றுபவர்கள் ஆண்டுக்கணக்காக முழந்தாளில் நின்று அங்குலம் அங்குலமாகத் தேடிய பிறகு, 2017இல்தான் எங்கள் மாவட்டம் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வேலையில் பெண்களும் இருந்தார்கள். அவர்களை நினைக்காமல் நான் வரம்பில் இறங்குவதில்லை.

பெண்ணும் நெடுந்தூரமும் பொருந்தாது என்று உலகமே ஒரு காலம் நம்பியது. 1928 அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். அவர்களுக்கு அது தாங்காது என்று சொல்லி அந்தப் போட்டியை நீக்கி, 1960இல்தான் மீண்டும் சேர்த்தார்கள். பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984இல்தான் வந்தது. இன்று நிலைமை என்ன? 2017இல் மெக்சிக்கோவில் ராராமுரி பழங்குடியைச் சேர்ந்த லொரெனா ராமிரெஸ், பாவாடையோடும் சாதாரணச் செருப்போடும் 50 கிலோமீற்றர் மலையோட்டத்தில் வென்றார். அமெரிக்காவின் பார்க்லி ஓட்டத்தில் காட்டுமலை வழியே ஏறத்தாழ நூறு மைலை 60 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். 2024இல் பிரித்தானியாவின் ஜஸ்மின் பரிஸ், நேரம் முடிய 99 வினாடி இருக்கையில் வந்து சேர்ந்து, அதை முடித்த முதற் பெண்ணானார். அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். எங்கள் நாட்டில், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் போய், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்களோடு திரும்பினார்.

ஆனாலும் எனக்கு மிக நெருக்கமான முன்மாதிரி எங்கள் பாட்டிமார்தான். மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தை வரை வந்து, அங்கிருந்து குமண, யால காடுகளை நாட்கணக்கில் கடந்து கதிர்காமம் போனவர்கள் அவர்கள். தலையில் மூட்டை, கையில் தடி, வாயில் அரோகரா. அவர்களுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. காட்டுப்பாதை எங்களுக்குப் புதிதல்ல, இடையில் தொலைத்துவிட்டோம். போர்க்காலத்தில் அடைபட்ட அந்தப் பாதயாத்திரை வழியில் இன்று மீண்டும் பெண்கள் போகிறார்கள்.

இனி ஒரு கனமான விடயம். 2004 மார்கழி 26 காலையில் நாவலடியும் கல்லடியும் டச்பாரும் எப்படியிருந்தன என்று இந்த மண்டபத்தில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, பல கரையோரங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்ததை எடுத்துக் காட்டியது. பிள்ளைகளைத் தேடி நின்றவர்கள் பெண்கள். நீந்தவும் மரமேறவும் பழக்கப்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள். ஓடத் தெரிந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அலைக்கு முன் அப்படிச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒரு பெண்பிள்ளைக்குத் தன் உடம்பு எவ்வளவு வேகமாகப் போகும், எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாமலே வளர்ப்பது கல்வியில் ஒரு குறை. அதை நிரப்பும் பொறுப்பு எங்களுக்கு உண்டு.

தொடங்க விரும்புவோருக்குச் சில வார்த்தை. பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிகிற வேகமே சரியான வேகம். மூச்சு முட்டினால் நடவுங்கள். அடி பிடிக்கும் சப்பாத்து ஒன்று போதும், விலை உயர்ந்தது வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் காலத்தில் ஜீவனி ஒரு பக்கற்றும். நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கி, பையில் இரண்டு டொபி வைத்திருங்கள், வீடு வந்ததும் பாதங்களைப் பாருங்கள். தனியே போகவேண்டாம். யானை உலாவும் பக்கம் நன்றாக விடிந்த பின்னரே போங்கள், வாவிக் கரையில் முதலையையும் மறக்கவேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் இலகு. 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் இன்று பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா எங்கும் சனிக்கிழமைக் காலையில் நடக்கிறது. 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை, நடப்பவர்களுக்கும் இடமுண்டு.

நிறைவாக, சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, மாதம் ஒரு சனிக்கிழமை பழைய மாணவியரும் இன்றைய மாணவிகளும் சேர்ந்து போகும் ஒரு நடை-ஓட்டம். அதில் நேரமும் எடுக்கவேண்டாம், பரிசும் வேண்டாம். இரண்டாவது, சப்பாத்து வாங்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு சப்பாத்து நிதி; அதன் முதற்பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது, வாவியின் கரையில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் கல்லூரியை விட்டுப் போகுமுன் நீந்தப் பழக ஓர் ஏற்பாடு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ரியூசன் கொப்பியோடு விளையாட்டை மூடிவைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: புள்ளையள், நீங்கள் முதலாவதாக வரவேண்டாம். வெளியே வந்தாற் காணும். அடுத்த மாதச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்முனைப் பாலத்தடியில் நாங்கள் மூன்று பேரும் நிற்போம்.